கறுப்பா இருந்தா ஸ்ட்ராங்கா? கறுப்பு பீர் சிபாரிசுக்காரர்களோடு ஒரு சண்டை

டிஸ்கி: குடிக்காதவங்களைக் குடிக்கச் சொல்ற கட்டுரை இல்லை இது. குடிக்கிறவங்களையும் கொஞ்சம் கம்மியா குடிக்கச் சொல்ற கட்டுரைன்னு வேணா வெச்சுக்கலாம். வீட்டுப் பெரியவங்க யாராவது இந்தப் பக்கம் வந்திருந்தா, பார்க்காத மாதிரி அப்படியே போயிடுங்க. ஹி ஹி..

போன மாசம் எங்க ஹாஸ்டல் கிச்சன்ல நடந்தது இது. இந்த வருஷம்தான் இங்கிலாந்துக்குப் படிக்க வந்த ஜூனியர் பையன் ஒருத்தன் கேட்டான். "அண்ணா, இந்த ஊர்ல கறுப்பு பீர் நல்லா இருக்கும்ங்கிறாங்களே, எதை வாங்கலாம்?"

சாதாரண கேள்வி. அங்க இருந்த நாலு பேர் சேர்ந்து ஆறு பேர் சொன்னாங்க. ஆறும் இம்பீரியல் ஸ்டவுட். ஒண்ணுகூட 10 சதவீதத்துக்குக் கீழே இல்லை. ரெண்டு அமெரிக்காவுல வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் வர்றது. ஒண்ணு மேப்பிள் பாகு, வனிலா, தேங்காய் எல்லாம் போட்டது. ஆறுல ஒண்ணுகூட எங்க ஊர் கடையில கிடைக்காது. பையன் பாவம், எங்கேயோ தேடிப்பிடிச்சு ஒரு பாட்டில் 18 பவுண்டு கொடுத்து வாங்கினான். தாகத்துக்குக் குடிக்கிற மாதிரி பாதியை மடக் மடக்னு குடிச்சான். மீதி பாதி கிச்சன் சிங்க்ல போச்சு. "கறுப்பு பீர் எனக்கு ஒத்துக்காதுண்ணா" அப்படின்னு முடிச்சுட்டான்.

அதே வாரம், எங்க தெருமுனை பப்ல மைல்டு நிறுத்திட்டாங்க.

இந்த ரெண்டு விஷயத்துக்கும் சம்பந்தம் இருக்குன்னுதான் இந்தக் கட்டுரையே.

முதல்ல ஒரு மூடநம்பிக்கையை உடைச்சுடலாம். கறுப்பா இருந்தா ஸ்ட்ராங்னு நம்மாளுங்க எல்லாரும் நம்புறோம். டாஸ்மாக் வாசல்ல "எத்தனை பெர்சென்ட் மச்சி?"ன்னு கேட்டு வளர்ந்த இனம் இல்லையா நாம! ஆனா அந்த ஊர்ல ஸ்ட்ராங்னு லேபிள் ஒட்டி வர்ற வெளிர் மஞ்சள் பீர்ல 8 சதவீதம் வரைக்கும் ஆல்கஹால் இருக்கலாம். தார் மாதிரி கறுப்பா இருக்கிற கின்னஸ் டிராஃப்ட்ல 4.2 சதவீதம்தான். நிறம் வர்றது வறுத்த தானியத்துல இருந்து. 1817ல டேனியல் வீலர்ங்கிறவர் மால்ட்டைக் கருகாம கறுப்பா வறுக்கிற உருளை எந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அதுக்கப்புறம் மொத்த தானியத்துல கொஞ்சூண்டு கறுப்பு மால்ட் சேர்த்தாலே போதும், முழு பீரும் கறுத்துடும். டிகாஷன் கறுப்பா இருக்குங்கிறதுக்காக அதைக் குடிச்சா போதை வருமா? அவ்ளோதான் விஷயம்.

இப்ப மைல்டுன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு. பெரும்பாலும் கரும்பழுப்பு நிறம். கருப்பட்டி, லேசா வறுத்த ரொட்டி, கொஞ்சம் சாக்லேட் ஞாபகம் வர்ற ருசி. கசப்பு குறைச்சல். ஆல்கஹால் பெரும்பாலும் 3ல இருந்து 3.8 சதவீதம். ஆரம்பத்துல "மைல்டு"ன்னா வலு கம்மின்னு அர்த்தம் இல்லை. நாள்கணக்கா பழுக்க வைக்காம புதுசா விக்கிற பீர்னுதான் அர்த்தம். முதல் உலகப் போர் காலத்துல தானியக் கட்டுப்பாடும் வரியும் சேர்ந்து இங்கிலாந்து பீர் எல்லாத்தோட வலுவையும் இறக்கிடுச்சு. அப்படி இறங்கின மைல்டு 1950கள் வரைக்கும் இங்கிலாந்து பப்புகள்ல ராஜா. நான் இருக்கிற மேற்கு மிட்லண்ட்ஸ் பக்கம், கரிச்சுரங்கத்துலயும் இரும்புப் பட்டறையிலயும் வேர்த்து விறுவிறுத்து வர்றவங்க நாலு கிளாஸ் குடிச்சாலும் நடந்து வீட்டுக்குப் போற மாதிரி ஒரு பீர். அதுக்கப்புறம் பிட்டர் வந்துச்சு, லாகர் வந்துச்சு, மைல்டை "தாத்தா குடிக்கிற பீர்"னு ஓரங்கட்டிட்டாங்க.

சரி, எங்க பப்காரர் ஏன் நிறுத்தினார்? கேட்டேன். ரொம்ப எளிமையா கணக்கு சொன்னார். மைல்டு பீப்பாய்ல வருது. அதுக்குள்ள ஈஸ்ட் இன்னும் உயிரோட இருக்கும். கைப்பம்புல இழுத்துத்தான் ஊத்துவாங்க. இருக்கிறதுல சின்ன வழக்கமான பீப்பாய் ஒண்ணு 9 கேலன், அதாவது 72 பைண்ட். திறந்துட்டா உள்ளே காத்து போக ஆரம்பிக்கும். மூணு நாள் நல்லா இருக்கும், அப்புறம் புளிக்க ஆரம்பிச்சுடும். ஆக ஒரு நாளைக்கு 24 பைண்ட் வித்தாகணும். "தம்பி, நாலு பெரியவர் வந்துட்டிருந்தாங்க. இப்ப ரெண்டு பேர்தான். ரெண்டு பேரால 24 பைண்ட் குடிக்க முடியுமா?"ன்னு சிரிச்சார். எனக்குச் சிரிப்பு வரலை.

இங்கதான் எனக்கு சிபாரிசுக்காரங்க மேல கோவம் வருது. நீங்க ஆஹா ஓஹோன்னு சொல்ற அந்த 14 சதவீத ஸ்டவுட் பாட்டில்ல இருக்கு. வருஷக்கணக்கா கெடாது. யாரும் சிபாரிசு பண்ணலைன்னாலும் அலமாரியில உக்காந்திருக்கும். நீங்க அதைப் புகழ்ந்தா நடக்கிறது ஒண்ணே ஒண்ணுதான், விலை ஏறும். ஆனா பீப்பாய் மைல்டுக்கு மூணு நாள்தான் ஆயுசு. அதைப் பத்தி நாலு பேர் பேசினா அது அந்த ஊர்ல இருக்கும், பேசலைன்னா போயிடும். எதுக்கு உங்க வாய் தேவையோ அதுக்குத் திறக்க மாட்டேங்கறீங்க. எதுக்குத் தேவையே இல்லையோ அதுக்கு மூச்சு முட்டப் பேசுறீங்க!

சிபாரிசு ஒரு பீரை உயிர்ப்பிக்குமான்னு சந்தேகப்படறவங்களுக்கு ஒரு கதை. ஓட்ஸ் போட்டுக் காய்ச்சுற ஓட்மீல் ஸ்டவுட் ஒரு காலத்துல இங்கிலாந்துல செத்தே போயிடுச்சு. மைக்கேல் ஜாக்சன் (பாட்டுக்காரர் இல்லைங்க, பீர் எழுத்தாளர், 2007ல காலமானார்) அந்த மாதிரி ஒண்ணு இருந்ததுன்னு எழுதினார். அதைப் படிச்ச அமெரிக்க இறக்குமதிக்காரர் சார்லஸ் ஃபிங்கல், யார்க்‌ஷயர்ல இருக்கிற சாமுவேல் ஸ்மித் ப்ரூவரிகிட்ட போய் காய்ச்சித் தரச் சொல்லிக் கேட்டார். 1980ல வந்துச்சு. இன்னைக்கு உலகம் முழுக்க ஓட்மீல் ஸ்டவுட் காய்ச்சுறாங்க. ஒரு மனுஷன் எழுதினதை இன்னொரு மனுஷன் படிச்சதால நடந்தது அது. சிபாரிசுன்னா இதுங்க!

இப்ப நடக்கிறது என்ன? சிபாரிசுங்கிற பேர்ல கோப்பை காட்டுறது. பெல்ஜியத்துல செயின்ட் சிக்ஸ்டஸ் மடத்துத் துறவிகள் காய்ச்சுற வெஸ்ட்விளெட்டரன் 12ன்னு ஒரு கறுப்பு பீர் இருக்கு, 10.2 சதவீதம். மடத்தை நடத்த எவ்வளவு வேணுமோ அவ்வளவுதான் காய்ச்சுவாங்க. 2005ல பீருக்கு மார்க் போடுற ரேட்பீர் அதை உலகத்துலயே சிறந்ததுன்னு அறிவிச்சது. மடத்து வாசல்ல கார் வரிசை கட்டிடுச்சு. ஃபோன்ல புக் பண்ணணும், கார் நம்பர் கொடுக்கணும்னெல்லாம் துறவிகள் விதி போட வேண்டியதாயிடுச்சு. பீர் மாறலை, காய்ச்சுற அளவும் மாறலை. வெறி மட்டும் ஏறுச்சு.

இன்னொரு கூத்து. சிகாகோவுல கூஸ் ஐலண்ட் காய்ச்சுற போர்பன் கவுன்டி ஸ்டவுட். போர்பன் விஸ்கிக்கு ஒவ்வொரு தடவையும் புது ஓக் பீப்பாய்தான் போடணும்னு அமெரிக்கச் சட்டம். அதனால பழைய பீப்பாய் நிறைய மிஞ்சும். அதுல ஸ்டவுட்டை ஊத்தி வெச்சது உண்மையிலேயே நல்ல யோசனைதான், நான் மறுக்கலை. ஆனா வருஷாவருஷம் நவம்பர் கடைசியில ஒரு வெள்ளிக்கிழமை வரிசையில நின்னு வாங்கி, குடிக்காம அடுக்கி வெக்கிறாங்க பாருங்க.. 2015ல வந்ததுல சில வகைகள்ல பாக்டீரியா புகுந்து புளிச்சுப் போச்சு. கம்பெனியே பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அதுக்குள்ள எத்தனை பேர் அதைக் குடிக்காமலே "ஆஹா" சொல்லியிருப்பாங்களோ! இன்னொண்ணு, அந்த கூஸ் ஐலண்டை 2011லயே உலகத்தின் பெரிய பீர் கம்பெனி வாங்கிடுச்சு. மேலே சொன்ன ரேட்பீரையும் அதே கம்பெனி 2019ல முழுசா வாங்கிடுச்சு. விக்கிறவனும் அவனே, மார்க் போடுற இடமும் அவனுதே! 2025 பிப்ரவரியில அதை இழுத்தும் மூடியாச்சு.

"ஏன்டா, எங்களுக்குப் புடிச்சிருக்கு, நாங்க சொல்றோம். உனக்கென்ன வயித்தெரிச்சல்?" இப்படிக் கேக்கலாம். நியாயமான கேள்வி, பதில் சொல்லணும்.

புடிச்சா குடிங்க. ஆனா எப்படிப் புடிச்சதுன்னு யோசிங்க. பத்து பாட்டிலைத் திறந்து, ஆளுக்கு ரெண்டு வாய் ஊத்திக்கிட்டு, அதுல எது சூப்பர்னு சொல்றீங்க. ரெண்டு வாய்ல எது ஜெயிக்கும்? அதிகமா இனிக்கிறது, அதிகமா எரியறது. கல்யாண வீட்டுல ஜாங்கிரியும் ரசமும் ஒரு ஸ்பூன் கொடுத்து போட்டி வெச்சா ஜாங்கிரிதான் ஜெயிக்கும். அதுக்காக தினம் மூணு வேளையும் ஜாங்கிரி சாப்பிடுவீங்களா? மைல்டோட குணம் ரெண்டாவது பைண்ட்லதான் தெரியும். பேச்சுக்குத் துணையா கூடவே இருக்கும், நடுவுல வந்து நிக்காது.

கணக்கும் சொல்றேன். 14 சதவீத ஸ்டவுட் 330 மில்லி பாட்டில் ஒண்ணுல 4.6 யூனிட் ஆல்கஹால். 3.2 சதவீத மைல்டு முழு பைண்ட்ல 1.8 யூனிட். ஒரு பாட்டிலுக்கு ரெண்டரை பைண்ட்! இந்த நாட்டு டாக்டர்கள் வாரத்துக்கு 14 யூனிட்டைத் தாண்டாதீங்கன்னு 2016ல இருந்து சொல்லிட்டிருக்காங்க. மூணு பாட்டில் கூஜா மாதிரி குட்டியா இருக்குன்னு காலி பண்ணா, அந்த வாரக் கணக்கு கிட்டத்தட்ட முடிஞ்சுது. புதுசா வந்த பையனுக்கு பேர் சொன்ன நாலு பேர்ல ஒருத்தராவது "தம்பி, இது ரெண்டு பேர் பகிர்ந்து, மெதுவா குடிக்கிறது"ன்னு சொன்னீங்களா? எப்பக் குடிக்கணும், எவ்வளவு, எங்க கிடைக்கும்.. இது மூணும் இல்லாம வெறும் பேரைச் சொன்னா அது சிபாரிசா?

"ருசி கம்மியான பீரை ருசின்னு சொல்லச் சொல்றியா?" இது அடுத்த கேள்வி. ருசி கம்மின்னு யார் சொன்னா? பிரிட்டன்ல 1971ல ஆரம்பிச்ச காம்ரான்னு ஒரு இயக்கம் இருக்கு, பீப்பாய் பீரைக் காப்பாத்தினதே அவங்கதான். அவங்க நடத்துற போட்டியில 2007ல நாட்டுக்கே சிறந்த பீர்னு ஜெயிச்சது ஹாப்சன்ஸ் மைல்டு. எத்தனை சதவீதம் தெரியுமா? 3.2! 2000ல ஜெயிச்ச பிளாக் கேட்டும், 2011ல ஜெயிச்ச ஆஸ்கார் வைல்டும் மைல்டுதான். வலு வேணும்னாலும் இங்கேயே இருக்கு. செட்ஜ்லியில பீக்கன் ஹோட்டல்ங்கிற பழைய பப்புக்குப் பின்னாடியே காய்ச்சுற சாரா ஹியூஸ் டார்க் ரூபி மைல்டு, 6 சதவீதம். பழைய காலத்து மைல்டு எப்படி இருந்திருக்கும்னு அதைக் குடிச்சா தெரியும். இதையெல்லாம் சொல்ல உங்களுக்கு வாய் வரலையே, ஏன்? பஸ்ல போய் குடிச்சுட்டு வரலாம்கிறதாலயா? ஈஸியா கிடைக்கிறதுக்கு மதிப்பில்லைன்னா, அப்புறம் உங்களுக்குப் புடிச்சது பீரா, வரிசையா?

நம்ம பக்கத்து உதாரணமும் ஒண்ணு சொல்லிடறேன், இல்லைன்னா வெள்ளைக்காரன் பீருக்கு வக்காலத்துன்னு கிளம்பிடுவீங்க. இலங்கையில லயன் ஸ்டவுட். 8 சதவீதத்துக்கு மேல, நல்ல கறுப்பு. மேலே சொன்ன ஜாக்சனே பாராட்டினது. அங்க அது சாதாரணக் கடையில சாதாரண ஜனம் வாங்குற சரக்கு. என் ரூம்மேட் யாழ்ப்பாணத்துக்காரன். ஸ்டவுட்னு பேச்செடுத்தா அமெரிக்கப் பேரா அடுக்குவான், இதைச் சொல்லவே மாட்டான். "அது எங்கட ஊர்ச் சாமான்தானே மச்சான்"ங்கிறான். இதான் நோய்!

கெட்ட செய்தி மட்டும் இல்லை. 2023 ஆகஸ்ட்ல பிரிட்டன் வரிமுறையை மாத்தினாங்க. 3.5 சதவீதத்துக்குக் கீழே இருக்கிற பீருக்கு, ஆல்கஹால் கணக்குல, மத்த பீரைவிட பாதிக்கும் கம்மியான வரி. மைல்டுக்கு இதைவிட நல்ல காலம் வராது. ஆனா அதுக்கடுத்த வருஷமே, 2024ல, மைல்டுக்குப் பேர்போன வுல்வர்ஹாம்ப்டன் பாங்க்ஸ் ப்ரூவரியை மூடப்போறதா அறிவிப்பு வந்துச்சு. ஒன்றரை நூற்றாண்டு ப்ரூவரிங்க. வரி குறைஞ்சா போதாது, கேட்டு வாங்க ஆள் வேணும்.

அதனால வகுப்புத் தோழர்களே, முகம் தெரியாத நண்பர்களே, ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை யாராவது "கறுப்பு பீர் எது நல்லது?"ன்னு கேட்டா, அந்த ஆள் இன்னைக்குச் சாயங்காலம் நடந்து போய்க் குடிக்க முடியற ஒண்ணை முதல்ல சொல்லுங்க. அதுக்கப்புறம் உங்க 14 சதவீதத்தையெல்லாம் சொல்லுங்க, நானும் கேட்டுக்கறேன்.

போன சனிக்கிழமை அந்த ஜூனியரைக் கூட்டிக்கிட்டு, ரெண்டு பஸ் மாறி, மைல்டு இன்னும் விக்கிற ஒரு பப்புக்குப் போனேன். பாதி கிளாஸ் குடிச்சுட்டு, "அண்ணா, இது கறுப்பு பீர்தானா?"ன்னு ரெண்டு தடவை கேட்டான். முழுசா குடிச்சான். அப்புறம் எங்க பப்காரர்கிட்டயும் பேசியிருக்கேன். ஒரு வெள்ளிக்கிழமைக்கு இருபது பேரைச் சேர்த்துக் கூட்டிட்டு வந்தா, ஒரு பீப்பாய் இறக்கிப் பார்க்கறேன்னு சொல்லியிருக்கார்.

இதுவரைக்கும் ஏழு பேர் ஒத்துக்கிட்டிருக்காங்க. இன்னும் பதிமூணு பேர் வேணும். யாரெல்லாம் வர்றீங்க?