ஒரே வீட்டில் இரண்டு உப்பு!

கல்லூரியில் படிக்கும் என் 20 வயது மகளுக்கு ஒரு வருடமாகவே தலைசுற்றல். படுக்கையை விட்டு எழுந்தால் கண் இருட்டும், நெஞ்சு படபடக்கும். பஸ்சில் நின்றபடியே இரண்டு முறை மயங்கி விழுந்தாள். ரத்த சோகையும் இல்லை. "காலேஜுக்கு மட்டம் போட நடிக்கிறா" என்று உறவுக்காரர்கள் வாய் கூசாமல் சொன்னார்கள்.

கடைசியில் ஒரு டாக்டர், அவளைப் படுக்க வைத்தும், பத்து நிமிடம் நிற்க வைத்தும் நாடி பார்த்தார். படுத்திருந்தபோது 78, நின்றபோது 122! ரத்த அழுத்தமோ குறையவில்லை. 'பாட்ஸ்' என்றார். இதயத் துடிப்பையும், ரத்தக் குழாய்களையும் நாம் நினைக்காமலே இயக்கும் தன்னியக்க நரம்பு மண்டலத்தில் வரும் கோளாறாம். நிற்கும்போது ரத்தம் கீழே தேங்கிவிட, இதயம் வேகமாக ஓடுகிறதாம்.

"உப்பும், தண்ணீரும் நிறைய குடுங்க" என்று சொல்லி அனுப்பினார். எங்கள் வீட்டிலோ மாமியாருக்கு பி.பி.! மகளுக்காக சாம்பாரில் உப்பைக் கூட்டினேன். ஒரே வாரத்தில் மாமியாருக்கு பிரஷர் ஏறிவிட்டது. அழாத குறைதான்.

அப்புறம்தான் ஒரு டயட்டீஷியனைப் பார்த்தோம். மூன்று நாள் சாப்பாட்டை எழுதி வரச் சொன்னார். "பகல்ல ஏன்மா தண்ணியே குடிக்கலை?" என்று அவர் கேட்டதும், "காலேஜ் பாத்ரூம் நாறும் மேடம்... அதான்" என்றாள். பெற்ற எனக்கே தெரியாத விஷயம்!

சமையல் குறைந்த உப்பில்தான். டாக்டர் சொன்ன அளவு உப்பை மகளுக்கு மட்டும் தினமும் சின்ன டப்பாவில் அளந்து, மோரிலும், எலுமிச்சை ஜூசிலும் கலந்து தரச் சொன்னார். எழுந்திருக்கும் முன்பே இரண்டு டம்ளர் தண்ணீர். வயிறு முட்டச் சாப்பிட்டால் ரத்தம் குடலுக்குப் போய் மயக்கம் கூடும் என்பதால், மதியச் சோற்றை இரண்டு வேளையாகப் பிரித்து, கூடவே சுண்டல், முட்டை. நோய் போய்விடவில்லை; ஆனால், நான்கு மாதமாக மயங்கி விழவில்லை.

டயட்டீஷியன் என்றால் சர்க்கரைக்காரர்களுக்கும், உடம்பு இளைக்க நினைப்பவர்களுக்கும்தான் என்று நினைத்திருந்தேன். 'உப்பு சேருங்கள்' என்பது டாக்டரின் ஒரு வரி. அது அடுப்படிக்கு வந்தால் ஆயிரம் கேள்வி. இந்த மாதிரி நோய்களுக்கு, முதல் நாளே டயட்டீஷியனிடமும் அனுப்புவதை ஆஸ்பத்திரிகள் வழக்கமாக்க வேண்டும்.

தோழியரே, இதைப் படித்துவிட்டு நீங்களாக உப்பைக் கூட்டிவிடாதீர்கள். பி.பி.யோ, சிறுநீரகக் கோளாறோ இருந்தால் ஆபத்து. ஆனால், உங்கள் பெண் "தலை சுத்துதும்மா" என்றால், நடிப்பு என்று தள்ளாதீர்கள். அவள் தண்ணீர் குடிக்கிறாளா, இல்லையென்றால் ஏன் என்று ஒருமுறை கேளுங்கள்.

- ஒரு வாசகி, திருச்சி.