ஆங்கிலம் அறிவோம்: சிறிய சொல், பெரிய பொறுப்பு

கந்தப்பளையில் கொழுந்து எடுக்கப் புறப்படும் தாய் மகனை நோக்கி, “மழை வரலாம், குடையை மறவாதே” என்கிறாள். மாலையில், “பாடம் முடிந்ததா? இனி விளையாடப் போகலாம்” என்கிறாள். ‘லாம்’ என்ற ஒரே ஈறு முன்னதில் ஐயத்தையும் பின்னதில் அனுமதியையும் உணர்த்துகின்றது. ஆங்கிலத்து ‘மே’ என்னும் துணைவினையும் இவ்விரு பொருளையும் தரவல்லது. ஆதலின் மாணவர் அதனைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை.

இடர் நேர்வது ‘மஸ்ட்’ எதிர்மறையாகும் இடத்திலேதான். ‘யூ மஸ்ட் கோ’ என்றால் ‘நீ போகவேண்டும்’. அவ்வாறாயின் ‘யூ மஸ்ட் நொட் கோ’ என்பது யாது? ‘நீ போகவேண்டியதில்லை’ என்று எழுதும் மாணவரை நாம் வகுப்பிலே பன்முறை கண்டிருக்கின்றோம். அது பிழை. ‘நீ போகக்கூடாது’ என்பதே பொருள். ‘போகவேண்டியதில்லை’ என்பதற்கு ‘யூ நீட் நொட் கோ’ என்றல்லவா சொல்லவேண்டும்? முன்னது தடை, பின்னது கடமையிலிருந்து விடுதலை. மருந்துப் போத்தலில் உள்ள ‘மஸ்ட் நொட்’ என்பதைப் பிழையாகப் படித்தால் விளைவு புள்ளிக் குறைவோடு நில்லாது.

சட்டத்திலோ இச்சொற்களின் கனம் இன்னும் மிகுதி. மலையக மக்களுள் மிகப் பலரை நாடற்றவராக்கிய 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், பொதுச்சேவையில் சிறந்தோர் சிலரைப் பிரசைகளாகப் பதிய அமைச்சருக்கு இடமளித்தது. அங்கே வழங்கிய சொல் ‘மே’. அமைச்சர் பதியலாம், பதியாதும் விடலாம். ஆண்டுக்கு இருபத்தைவருக்கு மேற்படலாகாது என்ற வரம்புக்கோ ‘ஷல் நொட்’ வந்தது. அதில் எவர்க்கும் விருப்புரிமை இல்லை.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு நிலையாக வாழ்ந்துவந்த இந்திய வம்சாவளியினருக்கும், இங்கு வாழும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் ‘ஷல்’ என்னும் சொல்லால் பிரசாவுரிமை வழங்கியது. ‘மே’ பிறர் மனம் வைத்தால் கிட்டும் சலுகை. ‘ஷல்’ சட்டமே தரும் உரிமை.

மாணவர்களே, இன்று வீட்டிலுள்ள ஓர் ஆங்கிலப் படிவத்தையோ அறிவித்தலையோ எடுத்துப் பெற்றோருடன் அமருங்கள். ‘மே’, ‘மஸ்ட்’, ‘ஷல்’ என்பன வருமிடங்களில் கோடிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘லாம்’, ‘வேண்டும்’, ‘கூடாது’, ‘வேண்டியதில்லை’ என்பவற்றுள் பொருந்துவதை எழுதிப் பாருங்கள். அதன் பின்னரே கையொப்பம் இடுங்கள்.