கறைபட்ட கையொப்பம்

சோழவரத்துப் பழைய விமானத்தளத்தில் மோட்டார்ப் பந்தயங்கள் நடைபெற்ற நாட்களை நம் பெரியவர்கள் இன்றும் நினைவுகூர்வர். பந்தய வீரர்களைச் சூழ்ந்துகொண்டு, நோட்டுப் புத்தகத்தை நீட்டிக் கையொப்பம் பெற்ற அக்கால இளைஞருள் ஒருவர் நம் பங்கைச் சேர்ந்தவர். கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலையொன்றில் உழைத்து ஓய்வுபெற்றவர். அண்மையில் அவர் இல்லத்தை மந்திரிக்கச் சென்றிருந்தோம்.

அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு கிரிக்கெட் மட்டையை எடுத்துவந்தார். "சாமி, 2000 மார்ச்சில் பெங்களூர் டெஸ்ட் பந்தயத்துக்குப் போனபோது, தென்னாப்பிரிக்க அணித்தலைவர் ஹன்சி குரோனியேவிடம் வாங்கிய கையெழுத்து. ஒரு மாதம் கூடத்தில் மாட்டியிருந்தேன், பிறகு ஒளித்துவிட்டேன். இப்போது பேரன் கண்டெடுத்து, 'இவர் யார் தாத்தா?' என்கிறான். மகனோ, இப்படிப்பட்டதற்கு நல்ல விலை கிடைக்கும், விற்றுவிடலாம் என்கிறான்" என்றார்.

குரோனியே நேர்மையாளர் என்று போற்றப்பட்டவர். இந்திய மண்ணில் அத்தொடரை 2-0 என வென்றவர். ஆனால் அதே மார்ச்சில், நாகபுரி ஒருநாள் பந்தயத்தில் மோசமாக ஆடும்படி, தமக்குக் கீழிருந்த கிப்ஸ், வில்லியம்ஸ் இருவருக்கும் தலைக்கு 15,000 டாலர் தருவதாகக் கூறினார். ஏப்ரலில் தில்லி போலீசார் குற்றஞ்சாட்டியபோது மறுத்தார். சில நாட்களில், தாம் உண்மை பேசவில்லை என்று தம் கைப்படவே எழுதிக் கொடுத்தார். ஜூனில் விசாரணைக் குழுவின்முன், சூதாட்டத் தரகரிடம் பணம் பெற்றதை விரிவாக ஒப்புக்கொண்டார். அக்டோபரில் ஆயுட்காலத் தடை. 2002 ஜூன் 1இல், 32ஆம் வயதில், விமான விபத்தில் மரணம்.

இத்தகைய பொருள்களுக்கு விலை ஏறுவது புதிதன்று. அமெரிக்காவில் 1919இன் பேஸ்பால் இறுதித் தொடரில் சூதாடிகளோடு சேர்ந்து தோற்றதாகச் சிகாகோ ஆட்டக்காரர் எண்மர் தடைசெய்யப்பட்டனர். அவருள் ஜோ ஜாக்சன் எழுதப் படிக்க அறியாதவர்; பெரும்பாலும் மனைவியே அவருக்காகக் கையொப்பமிட்டார். அவர் தாமே கையொப்பமிட்ட நிழற்படம் ஒன்று 2021இல் 14 லட்சம் டாலருக்கும் மேல் ஏலம் போயிற்று!

பெரியவருக்கு நாம் கூறியது இதுவே: "மட்டையை விற்பது பாவமன்று. ஆனால் பேரனுக்குப் பதில் கூறாமல் விற்றால், மட்டை போகும், கேள்வி போகாது. எரித்தாலும் அப்படியே. சிறுவனை அருகில் அமர்த்தி, வெற்றி, பணம், பொய், ஒப்புதல் ஆகிய நான்கையும் சொல்லுங்கள். எதையும் விட்டுவிடாதீர்கள்."

அவ்வாறே செய்தார். முழுவதையும் கேட்ட பேரன், "கிப்ஸ் என்ன செய்தார்?" என்றானாம். 20 ஓட்டங்களுக்குள் ஆட்டமிழக்கச் சம்மதித்த கிப்ஸ், களமிறங்கி 74 ஓட்டங்கள் எடுத்தார். ஆயினும் சம்மதித்த குற்றத்துக்காக ஆறுமாதத் தடை பெற்றார். "அடித்துவிட்டாரே, பிறகேன் தண்டனை?" என்று சிறுவன் வெகுநேரம் வாதாடினானாம். ஒரு வீட்டில் நடைபெற வேண்டிய நல்ல வாதம் அது.

மட்டை இன்று மீண்டும் கூடத்தில் தொங்குகிறது.

அன்பர்களே, நாமும் கையொப்பமிடுகிறவர்களே. கோவில் திருமணப் பதிவேட்டில், கடன் பத்திரத்தில், பிள்ளையின் மதிப்பெண் அட்டையில் நம் பெயரை எழுதுகிறோம். மை உலர ஒரு நொடி போதும். எழுதிய சொல்லைக் காப்பதற்கோ ஆயுள் முழுதும் வேண்டும். தவறிய நாளில், குரோனியே காலந்தாழ்ந்தேனும் எழுதிய அந்த இரண்டாவது எழுத்தையாவது எழுத நமக்குத் துணிவு உண்டா?