வெப்ப யோகமும் புதியவரும்

அதிகாலைக் குளிர்ச்சியிலே, காற்றோட்டமான இடத்தில் யோகாசனம் பயில்வது நம்மவர் வழக்கம். 'வெப்ப யோகம்' இதற்கு மாறானது. கல்கத்தாவிற் பிறந்த பிக்ரம் சௌத்ரி 1970களில் அமெரிக்காவிற் பரப்பிய முறையில், ஏறக்குறைய 40 பாகை செல்சியஸ் வெப்பமூட்டிய அறையில், 90 நிமிடத்தில் 26 ஆசனங்களும் இரு மூச்சுப் பயிற்சிகளும் செய்வர்.

புதிதாய்ச் சேர்ந்தவருக்கு முதல் வகுப்பிலேயே தலை சுற்றலாம், நெஞ்சு படபடக்கலாம். மற்றையோர் நிற்கத் தாம் மட்டும் அமர்வதற்கு அவர் நாணுவார். நாணவேண்டியதில்லை. வெப்பத்தைத் தாங்கும் வன்மை மனவுறுதியால் மட்டும் வருவதன்று. தொடர்ந்து பழகினால், ஏறக்குறைய இரு வாரங்களில் இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகும், வியர்வை முந்திச் சுரக்கும், நாடித்துடிப்புத் தணியும். அதுவரை இடையிடையே அமர்ந்து இளைப்பாறுவதும் பயிற்சியின் ஒரு பகுதியே.

இன்னுமொன்று. வெப்பத்தில் உடல் எளிதில் வளையும். அதனை நம்பி அளவுக்கு மிஞ்சி வளைத்தால் தசைநார்கள் ஊறுபடும். வியர்வையால் உடனே குறையும் எடை பெரும்பாலும் நீரின் எடையே. ஆதலின் முன்னும் பின்னும் நீர் அருந்துதல் அவசியம். இருதய நோயாளரும் கருவுற்ற தாய்மாரும் வைத்தியரைக் கேளாது இதில் இறங்கலாகாது. அமர்ந்தும் தலைசுற்றல் தீராவிடின், அறையைவிட்டு வெளியேறுவதே அறிவுடைமை.