கொடி இல்லாமல் போன மூவர்

செந்துறை வெயிலில் உட்கார்ந்துகொண்டு பனி விளையாட்டைப் பற்றி எழுதுகிறேனே என்று சிரிக்காதீர்கள். ஆதங்கம்தான்.

கிழக்கு ஜெர்மனி கடைசியாகக் குளிர்கால ஒலிம்பிக்கில் ஆடியது 1988-ல், கனடாவின் கால்கரியில். 25 பதக்கம். 1990-ல் அப்படியொரு நாடே இல்லை. ஆனாலும் அந்தக் கடைசிப் போட்டியில் சொந்தக் கொடியோடுதான் நின்றார்கள்.

நம் நாடு நன்றாகத்தானே இருக்கிறது? 2014-ல் ரஷ்யாவின் சோச்சியில் சிவ கேசவனும் இன்னும் இருவரும் மூவர்ணக் கொடி இல்லாமல், ஒலிம்பிக் கொடியின் கீழ் அணிவகுத்தார்கள். 2012 டிசம்பரில் தடை வாங்கிய இந்திய ஒலிம்பிக் சங்கம், குற்றப்பத்திரிகை உள்ளவர் தேர்தலில் நிற்கக் கூடாது என்ற விதியை ஏற்கவே ஓராண்டு இழுத்தடித்தது. சோச்சி தொடக்க விழா பிப்ரவரி 7. இவர்கள் தேர்தல் வைத்ததோ 9! தடை நீங்கியது 11-ல். அதற்குள் கேசவனின் லூஜ் சறுக்குவண்டிப் பந்தயமே முடிந்துவிட்டது. அவருக்கு அது ஐந்தாவது ஒலிம்பிக்.

நாற்காலிக்காகக் கொடியைப் பறிகொடுத்தவர்கள் அந்த மனிதரிடம் மன்னிப்பாவது கேட்க வேண்டாமா?