பாக்கெட் மாவு பாவமல்ல

காலை ஏழு மணி ரயிலைப் பிடித்து ஆபீசுக்கோ பட்டறைக்கோ சென்று, இரவு எட்டு மணிக்கு மேல் வீடு திரும்புகிறவர்கள் மும்பைத் தமிழர்களில் ஏராளம். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் உளுந்தை ஊறவைத்து அரைக்க நேரம் எங்கே? நான்கைந்து பேர் ஒரே அறையில் தங்கியிருக்கும் இளைஞர்களிடம் கிரைண்டர் ஏது? விளைவு, வடா பாவும் ஓட்டல் சாப்பாடுமே அன்றாட ஆகாரமாகிவிடுகின்றன. சம்பாதித்த பணம் கரைகிறது, உடம்பும் கெடுகிறது.

மாதுங்காவிலும் தாராவியிலும் கிடைக்கும் அரைத்த மாவு, ரயில் நிலைய வாசலில் விற்கும் நறுக்கிய காய்கறி, சாம்பார் பொடி ஆகியவை இத்தகையவர்களுக்குப் பேருதவி என்பதை மறுப்பதற்கில்லை. "கடை மாவா?" என்று ஊரிலிருந்து வரும் பெரியவர்கள் முகம் சுளிக்கலாம். அதற்காகக் கூச வேண்டியதில்லை. யார் அரைத்தாலும் அரிசியும் உளுந்தும்தானே? அரைக்கும் நேரம் மிச்சமாகி, அந்த நேரத்தில் பருப்பும் காய்கறியும் சேர்த்து ஒரு சாம்பார் வைக்க முடிந்தால் அது லாபமே. மாவில் தயாரித்த தேதி பார்த்து, குளிர்ச்சியாக வைத்திருக்கும் கடையில் வாங்கினால் போதும்.

ஆனால், சமையலுக்குத் துணையாகும் பாக்கெட் வேறு. சமையலையே ஒழித்துவிடும் பாக்கெட் வேறு. உடனடி நூடுல்ஸ் பெரும்பாலும் பாமாயிலில் பொரித்தெடுக்கப்படுவது. அதன் மசாலாவில் உப்பு மிகுதி. உப்பு மிகுந்தால் ரத்த அழுத்தம் ஏறும். நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாக்கெட்டின் பின்புறம் 'சோடியம்' என்ற பெயரில் இந்தக் கணக்கு இருக்கும். 400 மில்லிகிராம் சோடியம் என்றால் ஏறத்தாழ 1 கிராம் உப்பு. சேர்மானங்களும் எடை அதிகமானது முதலில் வரும்படியே அச்சிடப்படுகின்றன. சாம்பார் பொடியில் மல்லிக்கும் மிளகாய்க்கும் முன்னால் உப்பு நின்றால், அதை வாங்காமலிருப்பதே நல்லது.

இதையெல்லாம் படிக்க முடிந்தால்தானே? 2020-ஆம் ஆண்டு வந்த உணவு லேபிள் விதிகளின்படி, விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும். இரண்டும் அறியாத தொழிலாளி என்ன செய்வார்? சைவ உணவுக்கு இட்டிருக்கும் பச்சைப் புள்ளியை எழுத்தறியாதவரும் புரிந்துகொள்கிறார். உப்பும் சர்க்கரையும் கொழுப்பும் மிகுந்த பண்டங்களுக்கும் அதுபோல எளிய எச்சரிக்கைக் குறி ஒன்று பாக்கெட்டின் முன்பக்கத்திலேயே இருக்க வேண்டும். அந்தந்த மாநில மொழியிலும் விவரம் அச்சிட மத்திய அரசு வழி செய்ய வேண்டும்.

அதுவரை, படிக்கத் தெரிந்த குமாஸ்தா பக்கத்து வீட்டுத் தொழிலாளிக்குப் படித்துச் சொல்லட்டும். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.