மெமரி விலை கிடுகிடு!
கேம் கம்ப்யூட்டர் பூட்டுவோர் திண்டாட்டம்

கோவில்பட்டி, –
பாகம் பாகமாக வாங்கி, தானே பூட்டினால் கேம் கம்ப்யூட்டரில் காசு மிச்சம். இது இளைஞர்கள் கணக்கு. 2025 கடைசியில் அந்தக் கணக்கு புரண்டது!

காரணம் ராம் மெமரி. செயற்கை அறிவுக்கான ராட்சத கம்ப்யூட்டர் கூடங்கள் மெமரியை அள்ளிக்கொண்டன. உலகத்துக்கே பெரும்பகுதியைத் தயாரிப்பது சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்றே கம்பெனிகள். கடைகளில் விற்ற 'குருஷியல்' மெமரி வியாபாரத்தை விடுவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது. விலை ஏறாமல் என்ன செய்யும்?

தீப்பெட்டி ஆபீஸ் கூலியில் சீட்டுக் கட்டி, மகன் ஆசைக்குப் பணம் சேர்க்கும் வீட்டுக்கு இது பெரிய அடி.

வழி இல்லாமல் இல்லை. பழைய டெஸ்க்டாப்பில் டி.டி.ஆர்.4 மெமரி கிடந்தால், ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 போர்டில் அதையே மாட்டலாம். புதிய ஏ.எம்.5 போர்டில் அது ஏறாது. 'ரைசன் 5 5600ஜி' சிப்பில் கிராபிக்ஸ் உள்ளேயே உண்டு. சின்ன கேம் ஓடும். தனி கார்டை அப்புறம் பார்த்துக்கலாம்.

பவர் சப்ளையில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. மட்டமானது புகைந்தால் போர்டையும் சேர்த்துக் கொண்டுபோகும். கலர் லைட் பெட்டி இல்லாவிட்டால் கேம் ஓடாதா என்ன?